ஆவுளியா மேய்ந்த தடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முதல் நான் வெறும் பாசிக்காரி இல்லை, 'கள உதவியாளர்'. அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது: ஜெபமாலை, வயது 43, கீழமுனை. படத்தில் யாரையோ அடிக்கப் போகிறவள்போல் இருக்கிறேன்.

ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார்கள். ஞாயிறு தவிர நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு எட்டுக் கட்டம். ஏழாவது கட்டம் 'இறப்பு'. எட்டாவது 'குறிப்பு'. குறிப்புக் கட்டத்தில் என் கட்டைவிரலை வைத்தால் இடம் தீர்ந்துபோகும். அதனால்தான் கடையில் இந்த நோட்டு வாங்கினேன். படிவத்தில் அடங்காததெல்லாம் இதில் கிடக்கட்டும்.

எங்கள் ஊருக்கு நேர் எதிரே, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், கடலடியில் புல்வெளிபோல் தாழை விளைந்து கிடக்கிறது. ஆவுளியா அங்கேதான் மேய வரும். படித்தவர்கள் கடல்பசு என்பார்கள். எத்தனை இருக்கின்றன, நலமாக இருக்கின்றனவா, குட்டி போடுகின்றனவா என்று கணக்கெடுக்க வேண்டும். பறக்கும் காமிரா மேலிருந்து எண்ணும். கடல்பாசி எடுத்து முங்கிப் பழகிய நாங்கள் அடியில் போய் அளக்க வேண்டும். அது போக, வலையில் ஏதும் பட்டதா, செத்து ஒதுங்கியதா என்று கடலுக்குப் போகிற ஆண்களிடம் கேட்க வேண்டும்.

வெளியூர்க்காரர் வந்து கேட்டால் எங்கள் ஆட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். அதற்குத்தான் என்னைப் பிடித்தார்கள். திட்டத் தலைவர் வரதன் சார் பயிற்சியில் சொன்னார்: "எத்தனைன்னு மட்டும்தாம்மா நமக்கு வேணும். யாரு வலைன்னு எழுத மாட்டோம். அதைச் சொல்லியே கேளுங்க."

நாற்பத்தொரு வீட்டு வாசலில் நின்று அதை என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

காமிராவை ஓட்டுகிறவள் மைதிலி. நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணை வீட்டுப் பெண். ஆராய்ச்சிப் படிப்பு. கடலில் நீந்தும்போதும் கிணற்றில் நீந்துகிறவள்போல் தலையைத் தூக்கியே வைத்திருக்கிறாள். என்னை அக்கா என்கிறாள்.

காமிரா ஏர் உழுவதுபோல் போய்த் திரும்பி வருகிறது. அது எடுக்கும் படங்களைக் கணினியே பார்த்து ஆவுளியாவை எண்ணிவிடுமாம். இன்று எண்ணியது. ஐந்து என்றது. மைதிலி குதித்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாலு பேர் நாங்கள், பாசி எடுக்க முங்கினவர்கள். ஐந்தாவது ஒரு சாக்கு. என் பாசிக் கூட்டாளி குருசம்மாவின் முதுகைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு 'ஆவுளியா, 87 சதவீதம்' என்று எழுதியிருந்தது.

குருசம்மாவிடம் சொன்னேன். "மிச்சம் பதிமூணு என்னவாம்?" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்து தம்பி கித்தேரியான் வந்தான். ஒரு திருக்கைத் துண்டைத் தொப்பென்று முற்றத்தில் வைத்தான். அவனுக்கு ஏழு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். பத்தொன்பது வயதில் நான் பாசிக்கு இறங்கியது அவன் சோற்றுக்குத்தான். இப்போது சொந்த வள்ளம், திருக்கை வலை, ரெஜினா என்று ஒரு நல்ல மனைவி. என் வீட்டுக்காரர் கொல்லத்துப் படகில் இருக்கிறார். ஈஸ்டருக்குத்தான் வருவார்.

"ஆவுளியாவ எண்ணி என்னக்கா செய்யப் போறாங்க?" என்றான்.

"உன்ன எண்ணி ரேசன் கார்டு குடுத்தாங்கல்ல, அது மாதிரி அதுக்கும் ஏதாவது குடுப்பாங்க."

சிரித்தான். குழம்பில் புளி கூடிப்போனதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வாடை அடங்கித் தண்ணீர் தெளிந்துவிட்டது. இன்று தடம் கிடைத்தது.

ஆவுளியா தாழையை நுனிக்கடி கடிக்காது. மூக்கை மண்ணில் புதைத்து வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே நகரும். முடி வெட்டுகிறவர் மெஷினை முதல் தடவை ஓட்டியதும் தலையில் ஒரு பாதை விழுமே, அப்படி விழும். அந்தப் பாதையின் அகலம்தான் அதன் வாயின் அகலம்.

ஒரு தடம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். என் சாண் இருபது, அதற்கு மேல் இரண்டு. அதை ஒட்டியே இன்னொன்று. விரலை விரிக்காமல் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தேன். அடங்கிவிட்டது. பதினொன்று. பெரிய தடம் வளைகிற இடத்தில் சின்னதும் வளைகிறது.

மேலே வந்து மூச்சு வாங்கினேன். "தாயும் குட்டியும்" என்றேன்.

மைதிலி நம்பவில்லை. "பெரிய விலங்கே பாதி வாயால மேஞ்சிருக்கலாம்ல அக்கா?"

"பாதி வாயால மேஞ்சா ஒரு ஓரம் பிசிறடிச்சுக் கெடக்கும். இது ரெண்டு ஓரமும் வழிச்சு எடுத்தாப்புல இருக்கு. நீயே வந்து தொட்டுப் பாரு தாயி."

மூன்று தடவை முங்கினாள். மூன்றாவது தடவை தண்ணீருக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பதினைந்து வருடமாக இந்தக் கரையில் குட்டி இருப்பதாக எந்தக் கணக்கிலும் இல்லையாம்.

பிப்ரவரி 12, வியாழன்

வரதன் சார் ஊரில் உள்ள கள அலுவலகத்துக்கு வந்தார். படிவத்தைப் பார்த்தார். ஐந்தாவது கட்டத்தில் பதினொன்று என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

"கையால அளந்ததை அறிக்கையில சேர்க்க முடியாதும்மா. காமிராவில குட்டி இல்லையே."

"காமிராவுல நானும் ஆவுளியாவாத்தான சார் இருந்தேன்?"

மைதிலி இருமினாள். சாருக்குப் பிடிக்கவில்லை. நான் கிளம்பும்போது அவர் மேசையில் கிடந்த வரைவு அறிக்கையைப் பார்த்தேன். தமிழில்தான் இருந்தது, மாவட்ட அலுவலகத்துக்குப் போவது. 'பாசி எடுக்கும் பெண்களின் நடமாட்டம் கடல்பசுக்களை விலக்குகிறது. இப்பகுதியில் பெண்கள் முங்குவதைத் தடை செய்யலாம்.'

"யாரு சார் இதப் பார்த்துச் சொன்னது?"

"இது ஒரு முதல் அனுமானம்."

"நாங்க முங்குற எடத்துக்குப் பத்தடியில தாயும் குட்டியும் மேஞ்சிருக்கு. எங்களக் கண்டு வெலகுனா ஏன் சார் அங்க வந்து மேயுது? என் கை தப்புன்னா சோதிச்சுப் பாருங்க. சரின்னா அந்த வரிய அடிங்க."

திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் முங்குகிற கண்ணாடியின் வார் அறுந்துவிட்டது. சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டினேன். முன்னைவிட நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

பன்னிரண்டு தடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி நட்டார்கள். மைதிலி அளவுகோலோடு முங்கி வந்து சாரின் காதில் சொன்னாள். பிறகு நான் வெறுங்கையோடு முங்கி வந்து சாரின் காதில் சொன்னேன். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியாது.

பதினொரு தடத்தில் இரண்டு பேர் அளவும் ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றன. ஒன்பதாவதில் மட்டும் அவள் பத்தொன்பது, நான் பதினாறு. சாரின் முகம் மலர்ந்தது. மைதிலி தானாகவே மறுபடி முங்கினாள். வந்து, "கோலைச் சாய்ச்சு வெச்சுட்டேன் சார். பதினாறுதான்" என்றாள்.

சார் 'சரி' என்றார். பல்லிடுக்கில் மாட்டிய முள்ளை எடுப்பதுபோல் அந்தச் சொல்லை எடுத்தார். பதினொன்று அறிக்கையில் ஏறிவிட்டது. பெண்களைத் தடுக்கும் வரியை 'மறுபரிசீலனை' என்கிறார். அடிக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு முங்கினால் கரைந்துவிடும் என்று குருசம்மா வரவில்லை. நான் போனேன். 22, 11. இரண்டும் உண்டு.

பிப்ரவரி 21, சனி

22, 11. குட்டியின் தடம் இன்று ஒரு இடத்தில் தாயின் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போயிருக்கிறது. விளையாட்டு.

பிப்ரவரி 23, திங்கள்

கித்தேரியானின் வள்ளம் விடியுமுன்பே கரைக்கு வந்துவிட்டது. மீன் இல்லை என்றான். வலை காயப்போடவில்லை. ரெஜினா குடத்தோடு என்னைத் தாண்டிப் போனாள், நிற்கவில்லை.

அரிசி ஊறவைத்தேன். ஆட்டும்போது மின்சாரம் போய்விட்டது.

ஏழாவது கட்டம்: 0.

பிப்ரவரி 24, செவ்வாய்

தண்ணீர் கலங்கல். முங்கவில்லை. மாவு புளித்துப்போனது.

0.

பிப்ரவரி 25, புதன்

தண்ணீர் தெளிவு. பதினொன்று மட்டும் இருக்கிறது. பெரிய தடம் பழையதுதான், புதிது இல்லை. பெரியது வேறு பக்கம் மேயப் போயிருக்கலாம். ஆவுளியா அப்படியும் போகும்.

கித்தேரியான் புதுவலை வாங்க ராமநாதபுரம் போவதாகச் சொன்னான். பழைய வலை எங்கே என்று நான் கேட்கவில்லை.

0.

பிப்ரவரி 26, வியாழன்

பதினொன்று மட்டும். நேராக இல்லை. சுற்றிச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து, மறுபடி சுற்றி.

0.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று படிவம் எழுதவில்லை.

கித்தேரியான் வீட்டுக்குப் போனேன். ரெஜினா என்னைப் பார்த்ததும் அழுதாள். அவன் அவளை உள்ளே போகச் சொன்னான்.

"எங்க பொதச்ச?" என்றேன்.

"சவுக்குத் தோப்புக்குப் பின்னாடி."

சொல்லத் தொடங்கியதும் நிறுத்தமுடியவில்லை அவனால். நடுச்சாமத்தில் வலை கனத்ததாம். பெரிய திருக்கை என்று நினைத்து இழுத்தானாம். "மூஞ்சி மேல வந்துச்சுக்கா. மூக்கு ரெண்டும் மூடிக் கெடந்துச்சு. மூச்செடுக்க மேல வர முடியாம செத்துருக்கு. சில்லுன்னு இருந்துச்சு. கரைக்கு இழுத்துட்டு வந்து வலைய அறுக்கும்போது கக்கத்துலருந்து பால் வடிஞ்சுச்சு. என் கையில..."

கையைச் சட்டையில் துடைத்தான். ஐந்து நாளாகத் துடைத்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எழுதிருவ."

"ஆமா. எழுதுவேன்."

"புலிக்குப் போடுற கேசு இதுக்கும் போடுவாங்கக்கா. என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் போறியா? நீயா?"

எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை அவன் வள்ளத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். நாலு நாள் சைபர் போட்டது தெரிந்துதான் போட்டேன். இதை இங்கே எழுதுவதற்கே இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

மார்ச் 1, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே ஊர்க்கூட்டம். விஷயம் யார் மூலமோ பரவிவிட்டது. தலைவர் சேசுராசு பேசினார்.

"ஜெபமாலை, நாம இங்க பொழைக்கணும். ஒரு ஆவுளியாவுக்காக ஊரே ஸ்டேசனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய முடியாது. அது செத்துச்சு, பொதச்சாச்சு. நீ வழக்கம்போல சைபர் போட்ரு."

கித்தேரியான் தூணோரம் நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அதுவே அவனைக் காட்டிக்கொடுத்தது.

எழுந்தேன். "சைபர் போட்டா என்ன ஆகும் தெரியுமா? தாயக் காணோம், செத்தது இல்ல, அப்ப எங்க போச்சுன்னு கேப்பாங்க. பாசிக்காரிங்க வெரட்டிட்டாங்கன்னு எழுதுவாங்க. எழுதியே வச்சிருக்காங்க, நான் பார்த்தேன். தாழைக்கு வேலி போட்டு எங்களக் கரையில நிறுத்துவாங்க. வலையில செத்தத எங்க தலையில கட்டணுமா?"

பெண்கள் பக்கம் சலசலத்தது.

"அப்ப உன் தம்பி?" என்றார் சேசுராசு. பேரைச் சொல்லாமல் இருந்த ஊர், அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டது.

"ஒண்ணு செத்துச்சுன்னு எழுதுவேன். எப்படிச் செத்துச்சுன்னு எழுதுவேன். யாரு வலைன்னு எழுதமாட்டேன், கேட்டாலும் சொல்லமாட்டேன். நாப்பத்தொரு வீட்டுல வாக்குக் குடுத்திருக்கேன். எண்ண மறைக்கச் சொன்னா ஊரு சொன்னாலும் கேக்க மாட்டேன். பேரக் குடுக்கச் சொன்னா கவர்மெண்டு சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"ஊரை எதுத்து நிக்கிற."

"நிக்கிறேன்."

குருசம்மா மட்டும் என்கூட நடந்து வந்தாள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

மார்ச் 2, திங்கள்

ஏழாவது கட்டம்: 1.

மைதிலியிடம் காலையில் சொன்னேன். யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் தோண்டினோம். எட்டு நாள் ஆகிவிட்டது. மைதிலி இரண்டு முறை தள்ளிப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, மறுபடி வந்து கையுறையைப் போட்டுக்கொண்டாள். நீளம் இரண்டு மீட்டர் அறுபத்தொன்று. பெண். பால் மடி இரண்டும் பருத்திருந்தன. உடம்பைச் சுற்றி வலைக் கண்ணி அழுந்திய கோடு. தோலிலும் தசையிலும் சிறு துண்டு வெட்டிக் குப்பியில் போட்டாள். நோய் ஏதும் இருந்ததா, வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததா என்று பார்ப்பார்களாம். வயிற்றைத் திறந்தபோது தாழைதான் இருந்தது, பச்சையாகவே. நல்ல ஆரோக்கியமான உயிர்.

வாயை அளக்கச் சொன்னாள். நான் கோலை வாங்கவில்லை. கையை வைத்தேன். இருபத்திரண்டு.

மார்ச் 5, வியாழன்

வரதன் சாரும் ஒரு வன அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். யாருடைய வலை?

"தெரியும். சொல்லமாட்டேன்."

"தெரியாதுன்னுகூடச் சொல்லலாமே நீங்க."

"அது பொய்யில்லம்மா?"

சார் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "நிலைமை புரியுதா? பேர் இல்லாம விஷயம் முடியாது."

"பேர் எழுத மாட்டோம்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"அது பொதுவா சொன்னது."

"நான் பொதுவா சொல்லல. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு தனித்தனியாச் சொன்னேன். இன்னைக்கு ஒரு பேரச் சொன்னா, நாளைக்கு எந்த மீனவன் உங்களுக்கு உண்மையச் சொல்லுவான்? இனிமே இந்தக் கரையில எத்தன செத்தாலும் உங்க தாள்ல சைபர்தான் இருக்கும்."

"அப்ப இன்னையோட நிறுத்திக்கலாம்" என்றார்.

அடையாள அட்டையையும் படிவக் கட்டையும் மேசையில் வைத்தேன். மைதிலி ஏதோ சொல்ல எழுந்தாள். உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவள் படிப்பு கெடக் கூடாது.

மார்ச் 6, வெள்ளி

பாசிக்குப் போனேன். போகிற வழியில் தாழையைப் பார்த்தேன். பதினொன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு எவன் அனுமதியும் வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

காலை எட்டு மணி இருக்கும். கித்தேரியான் பத்து நாளுக்குப் பிறகு என் வாசலுக்கு வந்தான். நனைந்திருந்தான்.

"அக்கா, அது என் வள்ளத்த விடமாட்டேங்குது."

"எது?"

"குட்டி. வள்ளத்து அடியில ஒரசிக்கிட்டே வருது. தள்ளி விட்டாலும் வருது. மிசின் போட்டா காத்தாடியில அடிபட்ரும். நங்கூரத்தப் போட்டுட்டு வேற வள்ளத்துல ஏறி வந்துட்டேன். எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியலக்கா."

மைதிலியைக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். தண்ணீருக்குள் முகத்தை விட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் கூட இல்லை. வள்ளத்தின் அடிவயிற்றில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றது. மூச்சுவிட மேலே வரும், மறுபடி அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். பால் தேடி மூக்கால் பலகையை முட்டியது. கித்தேரியான் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

மைதிலி காமிராவைப் பறக்கவிட்டாள். வடக்கே, ஆழம் தொடங்குகிற விளிம்பில், பெரியவை இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை மஞ்சள் கோடு சரியாகவே விழுந்தது. அவள் சாருக்குப் போன் செய்தாள். குட்டியைப் பிடித்து வைக்கும்படியும், தொட்டி கட்டிய வண்டி நாளை காலை வரும் என்றும் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"தொட்டியில வெச்ச குட்டி பொழைக்குமா?" என்றேன்.

"வேற ஊர்கள்ல வெச்சாங்க. பெரும்பாலும் பொழைக்கலக்கா. ஆனா இப்படிக் கூட்டிட்டுப் போனா அதுங்க சேத்துக்கும்னும் யாராலயும் சொல்ல முடியாது."

"ரெண்டும் தெரியாதுன்னா கடல்லயே இருக்கட்டும்."

மைதிலி என்னைப் பார்த்தாள். பிறகு போனில், "சார், நாளைக்குக் காலைல வரைக்கும் அதால தாங்க முடியாது. நாங்க வடக்க கூட்டிட்டுப் போறோம். நான்தான் முடிவெடுத்தேன், நானே எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோழிப்பண்ணைப் பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மிசின் போடவில்லை. கித்தேரியான் துடுப்புப் போட்டான். வள்ளம் நகர்ந்தால் குட்டி நகர்ந்தது, நின்றால் நின்றது. இரண்டு கிலோமீட்டர். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் மாற்றிப் போடுகிறேன் என்றேன். துடுப்பைத் தரமாட்டேன் என்றான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, அப்போதும் தரவில்லை.

மூன்று மணிவாக்கில் முன்னால் தண்ணீர் பிளந்து ஒரு பழுப்பு முதுகு எழுந்தது. பிறகு இன்னொன்று. குட்டி வள்ளத்தை விட்டு ஓர் ஆளுயரம் தள்ளிப் போய், திரும்பி வந்தது. மறுபடி போனது. கித்தேரியான் துடுப்பை மேலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது முறை போனது வரவில்லை.

காமிராவில் மூன்று முதுகு தெரிந்தது என்றாள் மைதிலி. அதன் பிறகு மின்கலம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

கித்தேரியான் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியதைக் குருசம்மா பார்த்திருக்கிறாள். நான் புதுவலை வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். மாலையில் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ஆபீசுல போய்ச் சொல்லிட்டேன். என் வலதான்னு."

என் கையில் இருந்த சட்டுவத்தை அவன்மேல் எறிந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஊரையே பகைச்சுக்கிட்டு, வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்தேனே, யாருக்குடா? அந்தப் பேரக் காப்பாத்தத்தான?"

"எத்தனைன்னு நீ சொன்ன. அது உன் வேல. பேரு என்னோடதுக்கா. அத நாந்தான சொல்லணும்?"

சட்டுவத்தை எடுத்துக் கழுவி வைத்தான். வழக்கு வரும் என்றார்களாம். தானாக வந்து சொன்னதையும் எழுதிக்கொண்டார்களாம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம் என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

மார்ச் 16, திங்கள்

சேசுராசு கூட்டம் போட்டார். கித்தேரியான் தானாகப் போய்ச் சொன்ன பிறகு ஊருக்கு வாய் அடைத்துவிட்டது. தாழைமேல் திருக்கை வலை போடுவதில்லை என்று ஆண்களே பேசி முடித்தார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டேதான் கை தூக்கினார்கள். தூக்கினார்கள்.

குட்டியின் தடத்தைப் பதினோராம் தேதி வடக்கு விளிம்பில் ஒருமுறை பார்த்தேன். அதன் பிறகு பார்க்கவில்லை. செத்துவிட்டது என்கிறாள் குருசம்மா. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். செத்தது என்று எழுத உடல் வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

விசாரணை. என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கித்தேரியானும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம்.

அலுவலக வாசலில் வரதன் சார் காத்திருந்தார். இளைத்திருந்தார். பெண்களைத் தடுக்கும் வரியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். வலைதான் காரணம் என்று அறிக்கையில் வந்துவிட்டதாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிப்ரவரி இருபத்தி மூணுலருந்து இருபத்தி ஆறு வரைக்கும் சைபர் போட்டிருக்கீங்க. அதைக் கேப்பாங்க. அப்ப உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்கம்மா. தெரிஞ்சே போட்டதுன்னா உங்க மத்த அளவையெல்லாம் தூக்கிப் போட்டுடுவாங்க. குட்டி இருந்ததுக்கே அதுதான் முதல் ஆதாரம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

உள்ளே அதே அதிகாரி அம்மா. என் இருபத்தைந்து படிவமும் மேசைமேல். நாலு தாளைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இந்த நாலு நாளும் இறப்பு சைபர்னு இருக்கு. அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நேர்ல பார்க்கல. ஆனா தெரியும். அந்த நாலும் பொய்."

வரதன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் எழுதினீங்க?"

"பயந்துதான். என் தம்பி."

"அப்ப மீதிப் படிவங்களை எப்படி நம்புறது?"

"நாலு பொய்யின்னு நானே எடுத்துக் குடுக்குறேனேம்மா. மீதி இருபத்தொண்ணும் உண்மைன்னு சொல்ல அதவிட வேற என்ன சாட்சி வேணும்? நம்பலன்னா கடலுக்கு வாங்க. என் கையும் இருக்கு, தாழையும் இருக்கு."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். நாலு தாளிலும் சைபரை அடித்து, பக்கத்தில் 'தெரிந்தே தவறாக எழுதியது' என்று எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் ஜெபமாலை என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். என்மேலும் நடவடிக்கை இருக்கலாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

வெளியே வேப்பமர நிழலில் கித்தேரியான் நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"பேர மட்டும் சொல்லமாட்டேன்னு ஊரெல்லாம் கத்துனியேக்கா" என்றான்.

"அது உன் பேருடா" என்றேன். "இது என்னோடது."